சிவப்பு முனைக்குப் போகும் நீலம்

நீலம் நகர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் அசையாது, கண்ணைச் சிமிட்டினால் அசைந்திருக்கும், திரும்பிப் பார்த்ததும் சிலையாகிவிடுகிற விளையாட்டுப் பிள்ளை மாதிரி. சொரிமுத்து மேசையில் மோவாயை ஊன்றி, கண்ணைத் தொட்டியின் மட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டி என்றால் பெரிய தொட்டி இல்லை, ஒரு டிபன் பாக்ஸ் அளவு, கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக். உள்ளே உப்புக் கரைசல், அதற்குள் முங்கிக் கிடக்கிறது ஒரு துண்டு ஜெல். நோன்பு நாளில் பக்கத்து வீட்டு ஜமீலா மாமி கிண்ணத்தில் கொடுத்துவிடுகிற கடல்பாசியேதான் அது, சர்க்கரையும் ரோஜா எசன்ஸும் சேராத கடல்பாசி, ருசி பார்க்கக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிற கடல்பாசி. அதன் ஒரு ஓரமாகப் பல்லாங்குழி போல வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் கறிவேப்பிலையின் டிஎன்ஏ. ஹாஸ்டல் சமையல்கட்டுக்குப் பின்னால் நிற்கிற மரம், குழம்பில் போட்டால் எல்லோரும் தட்டோரம் ஒதுக்கிவைக்கிற இலை, அதற்கு இன்று வந்த வாழ்வைப் பார், இடித்தார்கள், கரைத்தார்கள், சுழற்றினார்கள், வடித்தார்கள், பெண் அலங்காரம் தோற்றது போ, கடைசியில் ஒரே ஒரு சொட்டு. சொட்டுக்குத் துணையாக நீலச் சாயம். ஏனென்றால் டிஎன்ஏ கண்ணுக்குத் தெரியாது, நீலம் தெரியும்; நீலம் எங்கே போகிறதோ அதுவும் அங்கே, மேளச் சத்தத்தை வைத்துக்கொண்டே மாப்பிள்ளை எந்தத் தெருவில் வருகிறார் என்று சொல்லிவிடுகிற மாதிரி. மின்சாரத்தைப் பாய்ச்சியாகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஜெல் ஓடும், ஓடும்வரை மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதற்குப் படிப்பு என்று பேர், அதையும் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கவே அவனுக்கு உள்ளங்கால் கூசியது. ஆனால் நிம்மதியாக நினைக்க விட்டால்தானே. சுவருக்கு அந்தப் பக்கம் பர்வதவர்த்தினி மேடம் இருக்கிறார்.

இயற்பியல் மேடத்துக்கு உயிரியல் கட்டடத்தில் என்ன சோலி என்றால், பக்கத்து அறையில் நுண்ணோக்கியின் விளக்கு கண்ணடிக்கிறதாம். கம்பெனி ஆள் வருவான் வருவான் என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவன் வந்தபாடில்லை, மேடமே கைப்பையில் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். இங்கே கேட்கிறது, திருகுகிற சத்தம், ஏதோ கீழே விழுகிற சத்தம், "அடச்சீ" என்கிற சத்தம். விளக்கு சரியானால் போய்விடுவார். போய்விட்டால் இன்றைக்குப் பிடிக்க முடியாது, இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும், எந்தப் பாடம் என்று. இரண்டு வருஷம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விட்டார்கள், இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல், கணக்கு. பந்தியில் உட்கார வைத்து ஒரு கூட்டு பொரியல் விடாமல் பரிமாறினார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து ஒன்றே ஒன்று. ஒன்றுக்கு மேல் வேண்டும் என்கிற ஆசைக்காரனுக்கு ஒரே ஒரு சந்துதான் வைத்திருக்கிறார்கள். இரண்டு துறையிலிருந்து ஆளுக்கொருவர், இவனை நாங்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம் என்று வாய் திறந்து ஒத்துக்கொள்ள வேண்டும். உயிரியலில் கனகசபாபதி சார் போன வாரமே சரி என்று தலையாட்டிவிட்டார். மிச்சம் மேடம். ஒரு வாரமாகக் கேட்கப் போகிறான், போய் வாசலில் நிற்கிறான், திரும்பி வருகிறான். வாக்கியம் தயாராகத்தான் இருக்கிறது. மேடம், நான் இயற்பியலும் உயிரியலும் சேர்த்துப் படிக்கலாம்னு இருக்கேன், நீங்க. அந்த நீங்க-வில் வந்து நின்றுவிடுகிறது, வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்ட மாதிரி. நீங்க என்னை எடுத்துக்குவீங்களா. எடுத்துக்க என்ன அவன் மாம்பழமா? நீங்க சம்மதிக்கணும். பெண் கேட்கிற மாதிரி இருக்கிறது. நீங்க தயவுசெய்து. தயவுசெய்து என்று தொடங்கினால் அடுத்தது சாரி என்றுதான் வரும், அவனுக்கு எதற்கும் சாரிதான் வரும், நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் சாரி கேட்கிறவன். சொரிமுத்து என்று பேர் வைத்தது தாமிரபரணிக் கரைச் சாமிக்காக. இங்கே வந்த முதல் வாரமே அது சாரிமுத்து ஆகிவிட்டது. வைத்தவள் இந்தா எதிரே உட்கார்ந்து கைபேசியில் எதையோ பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கிற ஜெனோவா, திண்டுக்கல்காரி, ஆய்வகத்தில் அவனுக்கு ஜோடி. இவன் பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது, அவள் பேசினால் கேண்டீனுக்குக் கேட்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரி மனுஷன் ஒருவன் கிடைப்பான் என்று கனகசபாபதி சார் சொல்லுவார்.

மேடம், நான் இயற்பியலும் உயிரியலும். காலையில் அப்பா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன், கம்பத்தில் ஏறி நின்றுகொண்டே போன் பேசுவார், காற்று வீசுகிறது கேட்கும். "ஏல, எதை வேணும்னாலும் எடு, நான் ஒண்ணும் சொல்லல. ஊருல கேட்டா ஒத்த வார்த்தையில சொல்லுத மாதிரி எடு, அது போதும்." பாவம் அப்பா, இரண்டு வருஷமாக அவர் பட்ட பாடு. உன் மவன் என்ன படிக்கான் என்று டீக்கடையில் கேட்டால் நேச்சுரல் சயின்ஸ் என்பார். கேட்டவருக்குப் பாதிதான் காதில் ஏறும். நேச்சுரலா, ஓ, நேச்சுரோபதியா, இயற்கை வைத்தியமா, நல்ல படிப்புல்லா. அது ஒரு வாயிலிருந்து ஒன்பது வாய்க்குப் போய், முதல் லீவுக்கு அவன் ஊருக்குப் போய்ப் பையை இறக்கி வைக்கவில்லை, பெரியம்மா வாசலில் உட்கார்ந்து சேலையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "எய்யா, டாக்டரு, இந்த முட்டு வலிக்கு என்ன மண்ணு பூசணும்?" என்றாள். அவன், இல்ல பெரிம்ம, நான் வந்து, அது வேற, சாரி, என்று என்னென்னமோ சொன்னான். சொன்னது அவளுக்குக் கேட்டால்தானே. அப்புறம் யோசித்தான். நிலவியலில் மண்ணைப் பற்றித்தான் அந்த வாரம் நடத்தியிருந்தார்கள். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்ல மெல்ல விடும், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அது இயற்பியல், குளிர்ந்தால் வீக்கத்துக்குச் சுகமாக இருக்கலாம், அது உயிரியல். "களிமண்ணு, பெரிம்ம, ஈரமா" என்று சொல்லிவிட்டான். ரெண்டு நாள் கழித்து அவள் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தாள், வலி குறைந்திருக்கிறதாம்! அதற்கு அடுத்த நாள் வாசலில் நாலு முழங்கால். அப்பாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, "ஏல டாக்டரே, போர்டு மாட்டிருவமா" என்று கேட்டு அவன் கூச்சப்படுவதைப் பார்த்து இன்னும் சிரித்தார். அந்த நாலு முழங்காலையும் அவன் எப்படி அனுப்பிவைத்தான் என்பது தனிக் கதை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவனுக்கு வலித்தது ஒன்றுதான். மண், ஈரம், சூடு, வீக்கம், எல்லாம் ஒரே முழங்காலில்தானே இருந்தது. முழங்காலுக்குத் தெரியுமா இது நிலவியல் கட்டடம், இது உயிரியல் கட்டடம் என்று? இங்கேதான் நடுவில் ரோடு ஓடுகிறது. அந்த ரோடு இருக்கிறதே, இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், மணி அடித்ததும் இவன் வகுப்புக்காரர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவார்களே, மற்ற துறைப் பையன்கள் படியில் உட்கார்ந்துகொண்டு, அவியல் வருது அவியல் வருது என்பார்கள், எல்லாக் காயும் போட்டது என்று அர்த்தம். நாஞ்சில் நாட்டுப் பையன் ஒருவன் மட்டும் கோபப்பட்டான், அவியல்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா, ஒரு காய் கூடினாலும் குறைஞ்சாலும் அது அவியலே இல்லை, செஞ்சு பாருங்கலே என்று. சொரிமுத்துவுக்கு அந்த ஓட்டம் பிடிக்கும். பையில் கூழாங்கல்லும் இலையும் ஒன்றாகக் கிடக்கும். தலைக்குள் போன வகுப்பு இன்னும் அடங்கியிருக்காது, அடுத்தது ஏறிவிடும், நடு ரோட்டில் மரத்தடியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்படி முட்டுகிற நேரத்தில் அவன் எத்தனை தடவை சைக்கிளில் அடிபடப் பார்த்திருக்கிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் திருகுகிற சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டாரா? இல்லை, தும்மினார். இருக்கிறார். மேடம், நான் இயற்பியலும். அவருக்கு இவனைத் தெரியும், தெரியாமல் இல்லை, தெரிந்த விதம்தான் மானக்கேடு. சின்ன வயசில் ராத்திரி மொட்டைமாடியில் கதை கேட்டு வளர்ந்தவன், கதை கேட்டால் உம் கொட்ட வேண்டும், உம் நின்றால் கதையும் நின்றுவிடும், கேட்கிற பிள்ளை தூங்கிவிட்டது என்று தாத்தா பாயைச் சுருட்டிவிடுவார். அந்தப் பழக்கம் நாக்கில் தங்கிவிட்டது. முதல் வருஷம் மேடம் வெப்பத்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு துளி மை விட்டா என்னாகும், பரவும், உம், பரவினது தானா திரும்பி ஒரு துளியா சேருமா, உம், சேராது, ஏன் சேராது, உம். வகுப்பு அமைதியாகிவிட்டது. "யாரது உம் கொட்டறது?" ஜெனோவா அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள், கோழி பிடித்த மாதிரி. சாரி மேடம் என்றான். "எதுக்குச் சாரி? நான் இருபது வருஷமா பாடம் எடுக்கறேன், உம் கொட்டினவன் நீ ஒருத்தன்தான். ஆனா சேராதுன்னு சொன்னப்ப சோகமா கொட்டின பாரு, அதான் ஏன்னு தெரியணும்." அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது, ஆனால் ராத்திரி யாரிடம் சொல்வது? கதையில் பிரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள், காடு மலை தாண்டி ராஜகுமாரன் திரும்பி வந்துவிடுவான், மை மட்டும் ஏன் வரக்கூடாது? அந்த மைத்துளிதான் அவனை இயற்பியலுக்குள் இழுத்தது. அப்புறம் உயிரியல் வந்து கையைப் பிடித்தது. செல்லுக்குள் எல்லாமே மைத்துளிதான், எல்லாமே பரவத்தான் பார்க்கிறது, ஆனாலும் ஒவ்வொன்றும் அதனதன் வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேருகிறது, எப்படி? இந்த எப்படியை எந்தக் கட்டடத்தில் கொண்டுபோய்க் கேட்பது? ஒரு கட்டடத்தை எடுத்தால் இன்னொன்றின் கதவு பூட்டிவிடும். ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நிக்காத தம்பி, ஒண்ணைப் பிடி, உருப்படு என்றார் ஹாஸ்டல் வார்டன், நல்ல எண்ணத்தில்தான். மீன் பிடிக்கிறவன் அப்படித்தானே நிற்கிறான் என்று இவனுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. மேடம் முடியாது என்றால்? முடியாது என்பதில் ஒன்றுமில்லை, சரி மேடம் என்று வந்துவிடலாம், வந்து உயிரியல் என்று சொல்லிவிடலாம், அதுவும் நல்ல பாடம்தான், மோசமில்லை. ஆனால் அந்த ரோட்டில் அப்புறம் ஓட மாட்டான். நடப்பான். எந்தக் கட்டடத்துக்கும் அவசரமில்லாத ஆள் மாதிரி, தூங்குமூஞ்சி மரத்தடியில் நடந்துபோவான். அந்த நடையை நினைத்ததும் ஐயோ வேண்டாம் என்று கண்ணைத் தொட்டிக்குத் திருப்பினான்.

குமிழிகள் வருகின்றன. தொட்டியின் இரண்டு கோடியிலும் மெல்லிய கம்பி, கம்பியிலிருந்து கடுகைவிடச் சின்னக் குமிழிகள் நூல் நூலாக மேலே எழும்புகின்றன, சோடா பாட்டிலில் வருவது போல, இல்லை, அதைவிடப் பொடிசாக, பால் காய்ச்சுகிறபோது பாத்திர விளிம்பில் கூடுமே அப்படி. என்ன அழகு. தண்ணீர் பிரிகிறது அல்லவா, ஒரு கோடியில் ஹைட்ரஜன், இன்னொரு கோடியில் ஆக்சிஜன், இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது, ஒன்றுக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன், அதனால் கறுப்பு வயர் மாட்டின கோடியில் குமிழி அதிகமாக வரும். யாரும் கேட்காமலே இந்த டப்பாவுக்குள் வேதியியல் தன் பாட்டுக்கு ஒரு கச்சேரி நடத்திக்கொண்டிருக்கிறது, இவர்கள் கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் கோடியில் அதிகம்? அந்தக் கோடி, ஜன்னல் பக்கத்துக் கோடி, கொசகொசவென்று நுரைத்துக்கொண்டு வருகிறது. அப்படியானால் அதுதான் கறுப்பு. குழிகள் இந்தக் கோடியில் இருக்கின்றன. குழிகள் இருக்கிற பக்கத்தில்தானே கறுப்பு. கறுப்பிலிருந்து கிளம்பிச் சிவப்புக்குப் போக வேண்டும், சிவப்புக்குப் போக வேண்டும் என்று கனகசபாபதி சார் மந்திரம் மாதிரிச் சொல்லிக் கொடுத்தது. கறுப்பு அந்தக் கோடியில் இருந்தால் இந்தக் கோடியில். சொரிமுத்துவின் மோவாய் மேசையிலிருந்து எழும்பியது. குனிந்து பார்த்தான். நீலம் நகர்ந்துதான் இருக்கிறது. முன்னால் அல்ல, பின்னால். குழியைவிட்டுப் பின்பக்கமாக இறங்கி, ஜெல்லின் பின்னோரத்தை நோக்கி, நல்ல பிள்ளையாக, யாரோ கூப்பிட்ட மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் விளிம்பு தாண்டித் தண்ணீருக்குள் கரைந்துவிடும், காலையிலிருந்து இடித்தது, கரைத்தது, எல்லாம் போச்சு. வயர் மாட்டினது யார்? அவன்தான். லைன்மேன் மகன், கறுப்பு எது சிவப்பு எது என்று தொட்டிலில் கிடக்கும்போதே தெரிந்தவன். தெரிந்துதான் மாட்டினான், அதுதான் வேடிக்கை! மாட்டும்போது தலைக்குள் இயற்பியல் ஓடிக்கொண்டிருந்தது, மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாயும், சிவப்பிலிருந்து கறுப்புக்கு, அப்படியானால் கிளம்புகிற இடத்தில் சிவப்பு இருக்க வேண்டும், ஆற்றுப்போக்கில் தோணி போகிற மாதிரி டிஎன்ஏவும் அதோடு போய்விடும் என்று கை தானாகச் செய்துவிட்டது. டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் உள்ளது, அது ஓட்டத்துக்கு எதிராக நீந்துகிற சாதி. உயிரியல் மட்டும் படித்தவன் சொன்னபடி மாட்டியிருப்பான். இயற்பியல் மட்டும் படித்தவன் இந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டான். இந்தத் தப்பைச் செய்வதற்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பயத்தோடு பயமாக, அடியில் எங்கோ, ஒரு சின்னப் பெருமை முளைவிட்டதை அவன் கவனிக்காமல் இல்லை. மின்சாரத்தை அணைத்தான். வயர்களைப் பிடுங்கினான். கறுப்பு, சிவப்பு, இடம் மாற்றிச் சொருகினான்.

"டேய், என்னடா பண்ற?" ஜெனோவா எழுந்துவிட்டாள். எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது அவளுக்கு. "அடப்பாவி! பின்னாடி ஓட விட்டுட்டியா? எங்க கறிவேப்பிலை எங்கடா போகுது, ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகுதா?"

"சாரி, ஜெனோ. மாத்திட்டேன். திரும்பி வரும்."

"திரும்பி வருமா? இது என்ன எங்கப்பா ஓட்டுற டவுன்பஸ்ஸா, போயிட்டுத் திரும்பி வர? ஐயோ, காலையில இருந்து இடிச்ச என் கை!" அது கேண்டீன்வரைக்கும் கேட்டிருக்கும். கேண்டீனுக்குக் கேட்டது பக்கத்து அறைக்குக் கேட்காதா? கதவு திறந்தது. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, நெற்றியில் ஒரு கோடு எண்ணெய்க் கறையோடு, பர்வதவர்த்தினி மேடம்.

"யாரு கையை என்ன பண்ணான்?"

"மேடம், சாரி வயரை மாத்தி மாட்டிட்டான், மேடம்," என்றாள் ஜெனோவா. "சொரிமுத்து மேடம். டிஎன்ஏ பின்னாடி போயிடுச்சு. இப்ப திருப்பி விட்டிருக்கானாம். ஒழுங்கா வருங்கறான்."

நீங்க. மேடம், நான் இயற்பியலும் உயிரியலும் சேர்த்து. இதைவிடக் கேடான நேரம் கேட்பதற்கு அமையாது. இவர் கண்முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் செய்யாத தப்பைச் செய்துவிட்டு, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு. மேடம் பக்கத்தில் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் முன்பு வைத்திருந்த மாதிரியே மோவாயை மேசையில் ஊன்றிவிட்டார். அவனும் குனிய, இரண்டு முகமும் ஒரே மட்டத்தில். நீலம் நின்றுபோனது மாதிரி இருந்தது, அப்புறம் குழியை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது.

"வருதே," என்றார் மேடம். குழந்தைக் குரல். "போன வழியே வருது. ஆனா போன மாதிரியே வராது, பாரு. போகும்போது எப்படி இருந்தது?"

"ஒடுக்கமா. கோடு மாதிரி."

"இப்போ?"

"கொஞ்சம் அகண்டிருக்கு." சொன்னதும் அவனுக்கு மண்டைக்குள் ஏதோ தட்டியது. மின்சாரம் தள்ளினதைத் திருப்பித் தள்ளிவிடலாம். ஆனால் போகிறபோது பக்கவாட்டில், முன்னால், பின்னால், தானாகப் பரவினதே, அதை எந்த வயரை மாற்றினாலும் திருப்ப முடியாது. திரும்பி வருகிற வழியிலும் அது பரவிக்கொண்டேதான் வரும். ஊருக்குப் போன ஆள் ஊருக்குத் திரும்பலாம், போன வயசோடு திரும்ப முடியுமா? இதை அவன் மனசுக்குள் சொன்னானா வாய்விட்டுச் சொன்னானா தெரியவில்லை, மேடம் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"சரி. இப்போ குழியைத் தாண்டி முன்பக்கம் போகப் போகுது. தாண்டினப்புறம் எப்படி இருக்கும்? இன்னும் அகலமா, ஒடுக்கமா?"

"ஒடுக்கமாயிரும்," என்றான் சொரிமுத்து.

"எப்படி? பரவினது சேராதுன்னு இப்பதான் நீயே சொன்னே."

"இல்ல மேடம், குழிக்குள்ள வெறும் தண்ணி. ஜெல்லு கிடையாது. அதுல வேகமா வந்துரும். வந்து எதிர்ச் சுவர்ல முட்டும். தேரோட்டம் பாத்துட்டுக் கூட்டம் மைதானத்துல சும்மா வரும், சந்து வாசல்ல வந்ததும் நெருக்கியடிச்சு நிக்கும்லா, அப்படி ஒட்டிக்கிட்டு உள்ள போகும். ஒடுக்கமா."

"தப்பு. அந்தக் கூட்டம் முதல்ல ஒரு சந்துல இருந்துதானே மைதானத்துக்கு வந்தது? வரும்போது நீண்டு வந்தது, போகும்போது நெருங்குது. ரெண்டும் கழிஞ்சு போச்சு. லாபம் ஒண்ணும் இல்லை."

"கழியாது மேடம்."

"ஏன் கழியாது?"

"முன்னால வந்தவங்க வாசல்ல நின்னுருவாங்க, பின்னால வாரவங்க வந்து சேர்ந்துக்குவாங்க."

"முன்னால வந்தவங்க நிக்கலையேப்பா, உள்ளே போயிட்டே இருக்காங்க. நீயா நிக்க வைக்கறே."

"ஜெல்லுக்குள்ள மெதுவாத்தானே போறாங்க!"

"அந்தப் பக்கமும் மெதுவாத்தானே வெளியே வந்தாங்க!" மேடம் ஸ்க்ரூடிரைவரால் மேசையைத் தட்டினார். அவனும் தட்டினான், கையால். பேப்பர் இல்லாமல் மேசையிலேயே ஈரவிரலால் குழி வரைந்தான், அவர் அதை அழித்துவிட்டு வேறு வரைந்தார், அவன் அதை அழித்தான். குழி நிஜத்தில் அவ்வளவு அகலம் கிடையாது என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்றார். நான்தானே ஜெல் உறையறதுக்கு முன்னால சீப்பை வச்சுக் குழிக்கு அச்சுப் போட்டேன் என்றான். டிஎன்ஏ நீளமான நூல், அது ஜெல்லுக்குள் நுழையும்போது மடங்கி நெளியும், உங்க கூட்டத்து ஆள் மாதிரி நேராப் போகாது என்றான், அது உங்க கூட்டம் இல்லை, என் கூட்டம்தான், ஆனாலும் என்றான். நெளியுமா, எவ்வளவு நெளியும் என்று மேடம் கேட்டபோது அவர் குரலில் சண்டை போய் வேறொன்று வந்திருந்தது. பந்தியில் புதுசாக ஒரு பட்சணத்தை இலையில் வைத்ததும் வருகிற குரல். ஜெனோவா வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மேசைக்குத் தன் பேச்சு கேட்கிறது என்பது அவனுக்குப் பாதியில்தான் உறைத்தது, உறைத்தும் நிறுத்த முடியவில்லை, சறுக்குமரத்தில் பாதியில் நிற்க முடியாது அல்லவா.

"எனக்கும் தெரியலை," என்று மேடம் கடைசியில் எழுந்தார். "பாத்தாத்தான் தெரியும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயையோ, மீட்டிங்." ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலுக்கு நடக்கிறார். கேட்கவில்லை. இவ்வளவு பேசினான், குழி பேசினான், கூட்டம் பேசினான், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை, மறந்தே போய்விட்டது, வாக்கியம் எங்கே, மேடம் நான், இயற்பியலும், நீங்க, நீங்க-வுக்குப் பிறகு என்ன, செருப்புச் சத்தம் வராந்தாவுக்குள் இறங்குகிறது.

"மேடம்!"

ஜெனோவா காதைப் பொத்திக்கொண்டாள். அவள் குரலைவிடப் பெரிய குரல் அந்த ஆய்வகத்தில் அதுவரை கேட்டதில்லை. மேடம் நின்றார்.

"எனக்கு ரெண்டும் வேணும் மேடம். இயற்பியலும் உயிரியலும். ஒண்ணை விட முடியாது. கனகசபாபதி சார் சரின்னுட்டாரு. நீங்களும் சேர்ந்து என்னை எடுத்துக்கிடணும். இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லணும்."

யாரோ சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்த சத்தம். மின்விசிறிச் சத்தம். மேடம் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், இவ்வளவு சத்தம் இந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தேடுகிற மாதிரி.

"அதுக்கு ஏண்டா இப்படிக் கத்தறே? எடுத்துக்கலைன்னா இத்தனை நேரம் உன்னோட எதுக்குச் சண்டை போட்டேன்? என் மீட்டிங் ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? ஆபீஸுக்கு நான் போன் பண்ணிடறேன், நீ போய் நின்னு சொல்லு." சொல்லிவிட்டுப் போகவில்லை. தயங்கினார். தயங்கினவர் திரும்பி விடுவிடென்று தொட்டிக்கு வந்தார். "என்னாச்சு? தாண்டிடுச்சா? ஒடுக்கமா இருக்கா, அகலமா இருக்கா?"

மூன்று பேரும் குனிந்தார்கள். நீலம் குழியை எப்போதோ தாண்டி, அந்தப் பக்கம், ஒன்றுமே நடக்காதது போல, சிவப்பு முனையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடு. ஒடுக்கம் என்றால் ஒடுக்கம், அகலம் என்றால் அகலம். தாண்டுவதற்கு முன்பு எவ்வளவு இருந்தது, தாண்டுகிறபோது என்ன ஆயிற்று என்று பார்க்க அங்கே ஒரு கண்ணும் இல்லை. எல்லாக் கண்ணும் வாசலில் இருந்தது.

"போச்சு," என்றார் மேடம். "உன் கத்தல்ல விட்டுட்டோம். இன்னொரு ஜெல் ஊத்து. இந்தத் தடவை வேணும்னே தப்பா மாட்டு."

"நான் இடிக்க மாட்டேன்," என்றாள் ஜெனோவா.

"சாயம் மட்டும் போதும், இலை வேண்டாம். ரெண்டு குழி போடு, ஒண்ணு அகலமா ஒண்ணு ஒடுக்கமா. நீ முதல்ல ஆபீஸுக்கு ஓடுடா, மூடிடப் போறாங்க! என்ன பாத்துக்கிட்டு நிக்கறே?"

அவன் ஓடினான். படியில் இரண்டு இரண்டாக இறங்கினான், குழியை ஒடுக்கமாக வைப்பதற்குச் சீப்பின் பல்லை அரம் போட்டுத் தேய்க்கலாமா, ஜெல்லைக் கெட்டியாக ஊற்றினால் நெருக்கம் கூடுமா, கூடினால் யார் சொன்னது சரி, மேடம் சொன்னதா தான் சொன்னதா, இரண்டும் சரியாக இருக்க ஒரு வழி இருக்குமோ, வெளியே வெயில் மரத்துக்கு மரம் சாய்ந்து கிடந்தது, ஒரு சைக்கிள் மணியடித்துத் திட்டிக்கொண்டு போயிற்று, எதிர்ச் சுவருக்குப் பதிலாக அங்கேயும் ஒரு குழி இருந்தால், குழிக்கு அடுத்தது குழி, குழிக்கு அடுத்தது குழி என்று வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றிலும் முட்டி முட்டி, அடடா, அதைப் படம் பிடிக்க முடியுமே, என்று நினைத்துக்கொண்டே நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து, ஆபீஸ் வாசலையும் தாண்டி நாலு எட்டு ஓடிய பிறகுதான் தெரிந்தது, தாண்டிவிட்டோம் என்று. நின்றான். மூச்சு வாங்கச் சிரித்தான். திரும்பி வந்தான்.